முடிவெழுதும் றஹ்மான் கிளாக்கர்

கலீலுர் றஹ்மானைப் பட்டணத்தில் எல்லாரும் கிளாக்கர் என்றே கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்த காலத்தில் கடற்படைக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தவர். கயிறு எத்தனை சுருள் வந்தது, பெயின்ற் எத்தனை வாளி போனது என்று அழகான எழுத்தில் எழுதிக்கொண்டிருப்பதுதான் வேலை. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியபோது அந்த வேலை இல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவருடைய சொந்த ஊர் கிண்ணியா. வேலை போன செய்தி கேட்டு அவருடைய மூத்த சகோதரர்களான நானாமார் இரண்டு பேரும் துறை கடந்து வந்து, "ஊருக்கு வா, வயல் கிடக்கு" என்று கூப்பிட்டார்கள். றஹ்மான் போகவில்லை. சேற்றில் கால் வைக்க அவருக்குக் கூச்சம். ஒரு மடக்கு மேசையும் ஒரு கதிரையும் வாங்கினார். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் மதிலோரம், பக்கீரின் தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் அவற்றைப் போட்டுக்கொண்டு ஆட்களுக்குப் பெட்டிசம், அதாவது அரசாங்கத்துக்கு மனு, எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்.

தொழில் அவருக்கு வாய்த்துவிட்டது. காணிப் பிணக்கு, ஓய்வூதியம், வலை களவு போனது, மாடு களவு போனது என்று நிலாவெளியிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவரை எதிரே இருத்தி முதலில் ஒரு விசாரணை நடத்துவார். ஆர் கண்டது, எப்ப கண்டது, நீ கண்டதா, மற்றவன் சொன்னதா என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் பேனையின் மூடியைக் கழற்றுவார். ஆனால் பெயர் எடுத்துக் கொடுத்தது கடைசிப் பந்திதான். "ஆகவே" என்று தொடங்கினால் அரைப்பக்கத்துக்கு முற்றுப்புள்ளி வராது. எழுதி முடித்ததும் உரத்து வாசிப்பார். பக்கீர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். பெட்டிசம் கொடுக்க வந்தவர், இது தன்னுடைய கதைதானா என்ற ஆச்சரியத்தில் கண் கலங்கிப்போய் இருப்பார். அந்தப் பெட்டிசத்தால் மாடு திரும்பி வந்ததா என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவர் விஞ்ஞானத்துக்குள் வந்தது பக்கீரின் மகன் முனாபினால்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள் பின்னேரம், முனாப் பாடசாலை விட்டு வந்து கடை வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு அழாத குறையாக இருந்தான். கையில் விஞ்ஞானச் செய்முறைக் கொப்பி. மூன்று கண்ணாடிக் குழாய்களில் இரும்பாணி போட்டு, எதில் கறள் பிடிக்கிறது என்று பார்க்கிற பரிசோதனை. நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அவதானம் எல்லாம் எழுதியிருந்தான். 'முடிவு' என்ற தலைப்பின் கீழே "ஆணி கறள் பிடித்தது" என்று எழுதியதற்கு வாத்தியார் சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்திருந்தார்.

"அதுதானே நடந்தது" என்றான் முனாப். "வேற என்னத்த எழுதுற?"

றஹ்மான் கொப்பியை வாங்கிப் படித்தார். தண்ணீரும் காற்றும் சேர்ந்த குழாயில் மட்டும் கறள். மற்ற இரண்டிலும் இல்லை. அவருக்கு இது ஒரு காணி வழக்கு மாதிரியே தெரிந்தது. பேனையை எடுத்தார்.

"ஆகவே, மேற்கூறிய சான்றுகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, இரும்பானது நீரும் வளியும் கூடிநிற்கும் இடத்தில் மாத்திரமே கறள் பிடிக்கும் என்பதும், அவற்றுள் ஒன்று குறையினும் பிடிக்காது என்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகின்றது."

அடுத்த நாள் முனாபின் கொப்பியில் 'மிக நன்று' விழுந்தது. வாத்தியார் அந்த வசனத்தை வகுப்பில் எழுந்து வாசிக்கவும் சொல்லியிருந்தார். அடுத்த கிழமை முனாபோடு நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த கிழமை வாங்கில் இடம் இல்லை. மற்றப் பாடசாலைகளிலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கூலி ஒரு பிளேன்ரீ. அதையும் பக்கீர் பாதி நாள் தன் கணக்கிலேயே ஊற்றிக் கொடுத்துவிடுவார். அவருக்குக் கடையில் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்திருப்பது பெருமை.

தொடக்கத்தில் றஹ்மான் பிள்ளைகளின் அவதானத்தை வாசித்துவிட்டுத்தான் முடிவு எழுதினார். போகப்போக அதற்குத் தேவை இருக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பரிசோதனைகளைத்தான் செய்தார்கள், அவை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்தன. அவர் அந்தப் புத்தகத்தை வாங்கி முழுதும் வாசித்தார். பிறகு தலைப்பைச் சொன்னால் போதும். "காபனீரொட்சைட்டா? எழுது" என்று வாயால் சொல்லிக்கொண்டே மறுபக்கம் ஒரு காணிப் பெட்டிசத்தையும் எழுதுவார். சுண்ணாம்பு நீர் பால் நிறமாவதும், பாசிச்சாயத்தாள் சிவப்பாவதும், முளை வெளிச்சத்தை நாடி வளைவதும் அவருடைய வாயிலிருந்து ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தன.

இவற்றில் ஒன்றையாவது அவர் கண்ணால் கண்டதில்லை. முகவை என்கிற கண்ணாடிக் குவளையை மூக்குள்ள ஒரு பித்தளைச் செம்பு என்றே நினைத்திருந்தார். பன்சன் சுடரடுப்பைப் பற்றி அவருடைய மனைவி நஜ்முன் நிஸா ஒருநாள் கேட்டபோது, "அது வெள்ளைக்காரன்ட குசினி அடுப்பு, புகையே வராது" என்றார். நிஸா அப்படி ஒன்று தனக்கும் வேண்டும் என்று கொஞ்சநாள் கேட்டுக்கொண்டிருந்தா.

இந்த நிலையில்தான் அன்னலட்சுமி டீச்சர் வந்து சேர்ந்தார். பட்டணத்துப் பிள்ளைதான், பேராதனையில் விஞ்ஞானம் படித்து, முனாபின் பாடசாலைக்கே படிப்பிக்க வந்திருந்தார். குள்ளமான ஆள், வேகமான நடை. மழைக்கும் வெயிலுக்கும் இல்லாமல் குடையை ஊன்றுகோல் போலக் கொண்டு திரிவார். வந்த முதல் தவணையிலேயே பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்து அசந்துபோனார். அவதானம் கோழி கிளறியதுபோல இருக்கும். முடிவு மட்டும் நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி இருக்கும். ஏதோ பழைய வாத்தியார் ஒருவர் சொல்லிக் கொடுத்த நடை என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அந்த வருடம் முனாபின் வகுப்பைக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போக அவர் ஏற்பாடு செய்தார். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வெப்பநிலையையும் வெப்பமானியால் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது பரிசோதனை. சனிக்கிழமை பயணம். நோக்கத்தையும் செய்முறையையும் முதலிலேயே எழுதிக்கொண்டு வரவேண்டும், மற்றதெல்லாம் போய் வந்த பிறகு என்று சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை பிடித்த மழை விடவில்லை. கன்னியா வீதியில் தண்ணீர் நின்றதால் பஸ் தர முடியாது என்று டிப்போவில் கையை விரித்துவிட்டார்கள். திங்கட்கிழமை டீச்சர் கொப்பிகளைச் சேர்த்து மேசையில் வைத்துத் திருத்தத் தொடங்கினார்.

முதலாவது கொப்பியில் அவதானம் இருந்தது. ஏழு கிணறுகளின் வெப்பநிலையும் ஒழுங்காக அட்டவணை போட்டிருந்தது. முதலாம் கிணறு ஆகக் குறைவு, ஏழாம் கிணறு ஆகக் கூட. முடிவு இப்படித் தொடங்கியது: "ஆகவே, மாணவர்களாகிய நாம் நேரிற் சென்று எமது சொந்தக் கண்களாற் கண்டவாறு, கன்னியாவின் வெப்பமானது முதலாம் கிணறு தொட்டு ஏழாம் கிணறு ஈறாகப் படிப்படியாக உயர்ந்து செல்கின்றது என்பது ஐயத்துக்கு இடமின்றி..."

இரண்டாவது கொப்பியிலும் அதே. வகுப்பில் அரைவாசிப் பேரின் கொப்பியில் அதே. முனாப் மட்டும் கடைசியில் ஒரு வரி கூட்டிச் சேர்த்திருந்தான்: "பயணமும் இனிதே நிறைவெய்தியது."

டீச்சர் முனாபைக் கூப்பிட்டார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே, மழைக்கு முதலே எழுதி வாங்கியது, கச்சேரி மதிலோரம் என்று சொன்னான்.

பாடசாலை விட்டதும் டீச்சர் குடையும் கொப்பியுமாக நேரே அங்கே போனார். றஹ்மானுக்கு ஆளைத் தெரியாது. பெட்டிசத்துக்கு வந்தவர் என்று நினைத்துக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"இருங்க. என்ன அலுவல்? இடமாற்றமா, சம்பள உயர்வா?"

டீச்சர் இருக்கவில்லை. கொப்பியை விரித்து மேசையில் வைத்தார். "இதை எழுதினது நீங்களா?"

றஹ்மான் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எழுத்து அந்தப் புள்ளையுட. வசனம் என்ட."

"நல்ல வசனம்" என்றார் டீச்சர். "ஆனா நாங்கள் இன்னும் கன்னியாவுக்குப் போகேல்ல."

"போகல்லயா?"

"பஸ் வரேல்ல."

கடைக்குள்ளிருந்து பக்கீர் ஒரு சத்தம் போட்டார். சிரிப்பை அடக்கப் போய்ப் பால் பொங்கி அடுப்பில் ஊற்றிவிட்டது. வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

றஹ்மான் தொண்டையைச் செருமினார். "டீச்சர், கன்னியா எனக்குத் தெரியாத இடமில்ல. சின்ன வயசில இருந்து அங்க குளிக்கிற ஆள் நான்."

"அப்ப சொல்லுங்கோ, எந்தக் கிணறு ஆகச் சூடு?"

"ஏழாவது."

"அளந்தனீங்களா?"

"அது எல்லாரும் சொல்றதுதானே."

டீச்சர் மேசையில் கிடந்த பெட்டிசத்தைப் பார்த்தார். "ஒரு ஆள் வந்து, பக்கத்து வளவுக்காரன் என்ட காணிக்குள்ள வேலி போட்டிட்டான், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம் எண்டு சொன்னா, நீங்கள் எழுதிக் குடுப்பீங்களா?"

"அது எப்பிடி டீச்சர்? நீ கண்டியா, எந்தப் பக்கம், எத்தினை முழம் எண்டு கேக்காம நான் ஒரு எழுத்து எழுத மாட்டன்."

சொல்லிவிட்டு அவர் மேசையில் விரித்துக் கிடந்த கொப்பியைப் பார்த்தார். டீச்சர் கோபமாகத்தான் வந்திருந்தார், அதிபரிடம் சொல்லி இந்த ஆளை இந்த இடத்திலிருந்து கிளப்ப வேண்டும் என்றுகூட வழியில் நினைத்திருந்தார். ஆனால் அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாற சனிக்கிழமை போறம்" என்றார். "பஸ்ஸில ஒரு இடம் இருக்கு. நீங்களும் வாங்கோ."

வீட்டுக்கு வந்து றஹ்மான் இதைச் சொன்னபோது நிஸா மீன் கழுவிக்கொண்டிருந்தா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இஞ்சேருங்க, போகாத இடத்துக்குப் போன எண்டு எழுதியிரிக்கீங்க. அங்க என்ன சாப்பிட்ட எண்டும் எழுதினீங்களா?" என்று கேட்டா. றஹ்மான் வெளியே போய் நின்றார். சனிக்கிழமை காலையில் நிஸா ஒரு பெரிய சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தா. இந்த முறை உண்மையாகவே சாப்பிடட்டும் என்றா.

கன்னியாவில் அன்று கூட்டம் அதிகம் இல்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்த சிலரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, டீச்சர் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வெப்பமானி. முனாபின் குழுவில் ஒரு ஆள் குறைந்ததால் அங்கே றஹ்மானை நிறுத்தினார்.

றஹ்மான் வெப்பமானியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். இவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. முதலாவது கிணற்றில் அதை நூலில் கட்டி இறக்கி, கொஞ்சநேரம் வைத்திருந்து, வெளியே எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெயிலுக்கு நேரே பிடித்து வாசிக்கப் பார்த்தார். பாதரசம் கண் முன்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

"நானா, தண்ணிக்குள்ள வெச்சுக்கொண்டே பாக்கணும்" என்றான் முனாப்.

பிள்ளைகள் சிரித்தார்கள். றஹ்மானும் சிரித்துவிட்டு, சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஈரச் சீமெந்தில் முழங்காலில் நின்றார். பிறகு அவரை எழுப்ப முடியவில்லை. ஒவ்வொரு கிணற்றுக்கும் முழங்காலாலேயே நகர்ந்தார். இலக்கத்தை உரத்துச் சொல்ல முனாப் எழுதினான். நாலாவது கிணற்றில் மற்றக் குழுவின் இலக்கமும் இவர்களின் இலக்கமும் சரிவரவில்லை. அந்தக் குழுப் பிள்ளைகள் தாங்கள்தான் சரி என்றார்கள். "கொஞ்சம் பொறுங்க, கதைய விடுங்க" என்று றஹ்மான் திரும்பவும் அளந்தார். இடையில் ஒருவர் வாளி போட்டு அள்ளியிருந்தார், தண்ணீர் கலங்கியிருந்தது. அது அடங்கும்வரை இருந்து மூன்றாம் முறையும் அளந்தார்.

ஏழாவது கிணற்றுக்கு வந்ததும் அவர் இலக்கத்தைச் சொல்லவில்லை.

"எத்தினை நானா?"

"இந்தக் கண்ணாடிக் குச்சியில ஏதோ பிழை."

வேறு வெப்பமானி கொண்டு வந்தார்கள். அதுவும் அதையே காட்டியது. ஏழாவது கிணறு ஆகச் சூடு இல்லை. நடுவில் உள்ள ஒன்று அதைவிடச் சூடாக இருந்தது. முதலாவதிலிருந்து பார்த்தால் ஏறுவதும் இறங்குவதுமாகப் போனதே தவிர, படியுமில்லை ஒன்றுமில்லை. குளிக்க வந்த ஒரு பெரியவர், "ஏழாவதுதான் ஆகச் சூடு, இண்டைக்கு மழைத்தண்ணி கலந்திருக்கும்" என்றார். றஹ்மான் அந்த ஆளை நிமிர்ந்து பார்த்து, "நீங்க அளந்து பாத்ததா?" என்று கேட்டார். பெரியவர் வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் மரநிழலில் இருந்து எழுதினார்கள். டீச்சர் றஹ்மானிடமும் ஒரு தாளைக் கொடுத்தார். அரைவாசிப் பிள்ளைகள் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இண்டைக்கு அவர் சொல்ல மாட்டார்" என்றார் டீச்சர். "அவரவர் எழுதுங்கோ."

றஹ்மான் 'ஆகவே' என்று எழுதினார். வெட்டினார். 'மேற்கூறிய' என்று தொடங்கினார். அதையும் வெட்டினார். இத்தனை வருடத்தில் முடிவு எழுத இருந்து பேனை ஓடாமல் நின்றது அதுதான் முதல்தடவை. வியர்த்துவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுதி முடித்துக் குரங்கு பார்க்கப் போய்விட்டார்கள். கடைசியில் அவர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

"இன்று நாங்கள் அளந்தவரையில் ஏழு கிணறுகளும் ஒரே சூடு அல்ல. வரிசைப்படி சூடு ஏறவும் இல்லை. காரணம் எங்களுக்குத் தெரியாது."

டீச்சர் வாசித்துவிட்டுக் கைப்பைக்குள்ளிருந்து சிவப்புப் பேனையை எடுத்துச் 'சரி' போட்டார். றஹ்மான் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார் என்று முனாப் பிறகு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் வாங்கில் வந்து இருந்தால் அவர் பெட்டிசக்காரரை விசாரிப்பதுபோலவே விசாரிக்கத் தொடங்கினார். நீ என்ன கண்டாய்? உன்ட குழாயில கண்டதா, பக்கத்தில இருந்தவன்ட குழாயில கண்டதா? எவ்வளவு நேரத்தில பால் நிறமானது? சுண்ணாம்பு நீர் பால் நிறமாகவே இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், "அப்ப அத எழுது. ஏன் ஆகல்ல எண்டு நாளைக்கு டீச்சரிட்டக் கேட்டுக்கொண்டு வா, எனக்கும் தெரியணும்" என்பார். பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை.

"உங்களிட்ட வந்தா இப்ப ரெண்டு வேல நானா" என்றான் முனாப். "அங்க செய்யவும் வேணும், இங்க சொல்லவும் வேணும். அதுக்கு நாங்களே எழுதிப்போட்டுப் போகலாம்."

அப்படியே எழுதிப்போட்டும் போனார்கள். வாங்கு மெல்ல மெல்லக் காலியானது. சீனன்குடாவில் வேறு ஒருவர் பழையபடி முடிவு எழுதிக் கொடுக்கிறாராம் என்று ஒரு கதை வந்தது. றஹ்மானுக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை. "அவருக்கு வசனம் வருமா?" என்று பக்கீரிடம் இரண்டு மூன்று முறை கேட்டார்.

தவணை விடுமுறை வந்தபோது அவர் தயங்கித் தயங்கி டீச்சரிடம் போய், ஒரு வெப்பமானியைக் கொஞ்சநாளைக்கு இரவல் தர முடியுமா என்று கேட்டார். டீச்சர் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். அந்த விடுமுறையில் அவர் அளக்காத பொருள் இல்லை. காலையில் கிணற்றுத் தண்ணீர், மத்தியானம் கிணற்றுத் தண்ணீர், இறங்குதுறைப் படியில் கடல் தண்ணீர். குசினிக்குள் மண்பானைத் தண்ணீர்தான் குளிர் என்று நிஸா சொன்னா. "ஒரே கிணத்துத் தண்ணி, ஒரே குசினி, பித்தளையில இருந்தா என்ன, மண்ணில இருந்தா என்ன?" என்று றஹ்மான் வாதாடினார். அளந்தார்கள். மண்பானைத் தண்ணீர் நன்றாகவே குளிர்ந்திருந்தது.

"இருவது வருசமா நான் சொல்றன், நம்பல்ல" என்றா நிஸா. "குச்சி சொன்ன உடன நம்புறீங்க."

பிரச்சினை வந்தது பக்கீரின் கடையில்தான். தன்னுடைய தேத்தண்ணி பட்டணத்திலேயே ஆகச் சூடு, அது தான் தூக்கி ஆற்றுகிற உயரத்தினால்தான் என்று பக்கீர் பெருமையடித்துக்கொண்டிருந்தார். றஹ்மான் வெப்பமானியோடு எழுந்து போனார்.

"அதைக் கொண்டுபோய் அங்கால வைங்க" என்றார் பக்கீர். "ஆக்கள் பாத்தா நான் ஏதோ மருந்து போடுறன் எண்டு நினைப்பாங்க."

"ஒரு கோப்பை ஆத்தாமத் தாங்க, ஒரு கோப்பை ஆத்தித் தாங்க. அவ்வளவுதான்."

வாங்கில் இருந்தவர்கள் விடவில்லை. பக்கீர் வேண்டாவெறுப்பாக இரண்டு கோப்பையும் வைத்தார். உயரத் தூக்கி ஆற்றியதுதான் சூடு குறைந்திருந்தது. இன்னும் உயரத் தூக்கி ஆற்றிப் பார்த்தபோது இன்னும் குறைந்தது. பக்கீர் இரண்டு நாள் றஹ்மானோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே கூப்பிட்டு, "ஆத்தினா ருசி கூடும். அத உங்கட குச்சி அளக்குமா?" என்று கேட்டார். றஹ்மான் அளக்காது என்று ஒப்புக்கொண்டார். அதோடு சமாதானம்.

அன்னலட்சுமி டீச்சர் அந்தப் பாடசாலையில் பல வருடங்கள் படிப்பித்தார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து றஹ்மான் ஆய்வுகூடத்தின் பின்வாசலால் வந்து ஒரு மூலையில் இருந்து பார்ப்பார். போத்தல்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தது அவர்தான். சுடரடுப்பை முதல்முறை கண்டபோது, வீட்டுக்குப் போய் நிஸாவிடம் மன்னிப்புக் கேட்டார். அதில் சோறாக்க ஏலாது என்றார்.

எழுபத்தாறில் ஒருநாள் டீச்சர் குடையும் கையுமாகக் கச்சேரி மதிலோரம் வந்தார். இம்முறை கதிரையில் இருந்தார்.

"நானா, உண்மையாவே இடமாற்ற அலுவல்தான்."

வருட நடுவில் அவரை வெருகல் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். போவதற்கு அவருக்கு மறுப்பில்லை. ஆனால் டிசம்பரில் பரீட்சை எழுத இருக்கிற வகுப்புக்கு வேறு விஞ்ஞான ஆசிரியர் இல்லை. பரீட்சை முடியும்வரை தள்ளிப்போட வேண்டும்.

றஹ்மான் எழுந்து நின்றார். "நாலு பக்கம் எழுதுறன் டீச்சர். கல்லும் கரையும்."

"நீங்கள் கண்டதை மட்டும் எழுதுங்கோ."

"பெட்டிசம் வேற, கன்னியா வேற டீச்சர். கடைசிப் பந்தி இல்லாட்டி ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க."

"உங்கட கடைசிப் பந்தியை எந்தக் கந்தோரிலயாவது ஆராவது வாசிச்சதைக் கண்டனீங்களா?"

றஹ்மான் யோசித்தார். கண்டதில்லை. வாசித்ததாகக் கேள்விப்பட்டதும் இல்லை. அழுததெல்லாம் எழுதக் கொடுத்தவர்கள்தான். பெருமூச்சு விட்டுவிட்டு இருந்து எழுதினார். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், என்ன பரீட்சை, எந்த மாதம், வேறு ஆசிரியர் இல்லை, வெள்ளிக்கிழமைகளில் அந்த வகுப்பை நான் நேரில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பக்கமும் நிரம்பவில்லை. கையெழுத்தை வைத்துவிட்டு, அரைகுறையாக உடுத்திக்கொண்டு தெருவில் நிற்பதுபோல இருக்கிறது என்றார்.

ஒரு கிழமையாகப் பதில் இல்லை. பிறகு கல்விக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர் ஒருவர், தேத்தண்ணி குடிக்க வந்தவர் றஹ்மானைத் தேடி வந்தார்.

"கிளாக்கர், உங்கட பெட்டிசம் ஒண்டு வந்தது. அதில மிச்சப் பக்கம் எங்க? விழுந்து போச்சா? நான் மற்றப் பக்கம் வரட்டும் எண்டு வைச்சுக்கொண்டிருக்கிறன்."

"மிச்சம் இல்ல தம்பி. அவ்வளவுதான்."

"உங்களுக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லையே?"

றஹ்மான் அடுத்த நாள் தானே போய்க் கந்தோர் வாசலில் நின்று, அவ்வளவுதான் என்று இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது. லிகிதர் அதைக் கந்தோர்ப் பெரியவரிடம் கொண்டுபோனார். கலீலுர் றஹ்மான் எழுதியது ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது என்று கேட்டதும் அவருக்கும் அதிசயம். நின்ற நிலையிலேயே வாசித்து முடித்துவிட்டு, யாரையோ கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டாராம். இடமாற்றம் ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

அந்த வருடம் பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள். ஜனவரியில் டீச்சர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மூதூர் போகிற லோஞ்சுப் படகில் ஏறிப் போய்விட்டார். புதிதாக வந்த ஆசிரியருக்கு வெளியாட்கள் ஆய்வுகூடத்துக்குள் வந்து இருப்பது பிடிக்கவில்லை. றஹ்மான் ஒரு வெள்ளிக்கிழமை பின்வாசல்வரை போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் குறைப்படவில்லை. ஆனால் அன்று பக்கீர் கொடுத்த தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு இருந்தார்.

பெட்டிசம் எழுதுவதை அவர் விடவில்லை. முடிவுப் பந்தி மட்டும் நாலைந்து வரிக்குச் சுருங்கிவிட்டது. சில பழைய ஆட்களுக்கு அது திருப்தியில்லை. மூதூரிலிருந்து வந்த ஒரு கிழவி, "முந்தியப்போல அழப்பண்ணி எழுதுங்க மகன்" என்று பிடிவாதமாக நின்றபோது, அந்த மனிசிக்கு மட்டும் பழைய பாணியில் ஒரு பக்கம் எழுதி, உரத்து வாசித்து, ஆசைதீர அழவிட்டார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழவியின் கையிலேயே கொடுத்துவிட்டு, கச்சேரிக்குச் சின்னதாக வேறு ஒன்று எழுதி அனுப்பினார். முனாப் படித்து முடித்து நிலாவெளி வீதி பஸ்ஸுக்குச் சாரதியானான். பஸ்ஸை மதிலோரம் மெதுவாக்கி ஒருமுறை கோர்ன் அடித்துவிட்டுத்தான் போவான்.

எழுபத்தெட்டில் டீச்சருக்குக் கலியாணம் ஒழுங்காயிற்று. வெருகல் பக்கத்திலேயே கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த ஒருவர். கலியாணம் மூதூரில் என்று றஹ்மானுக்கும் நிஸாவுக்கும் சொல்லியனுப்பினார்கள். நிஸா அதுவரைக்கும் துறைமுகத்தைத் தாண்டிக் கடலில் போனதில்லை. லோஞ்ச் இறங்குதுறையை விட்டுக் கிளம்பியதுமே, "இது ஆடுது" என்றா.

"ஆடாம எப்பிடிப் போறது?"

"நீங்க சொல்லல்லயே."

திரும்பி வரும்போது ஆட்டம் இன்னும் கூட. காற்று எழும்பியிருந்தது. கலியாண வீட்டில் டீச்சர் நிஸாவின் கையைப் பிடித்துத் தனக்குப் பக்கத்தில் இருத்திச் சாப்பிட வைத்திருந்தார். வரும்போது ஒரு பெட்டி நிறையப் பலகாரமும் கொடுத்துவிட்டிருந்தார். லோஞ்சில் மற்றவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கம்பியைப் பிடித்திருக்க, நிஸா பெட்டியை மடியில் வைத்துத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தா. றஹ்மானும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். கையை விடாமலே அவவைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை நல்ல மனிசன்" என்றா நிஸா. "நீங்க கதைக்கிறத முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர்."

பட்டணத்தின் வெளிச்சங்கள் தெரியத் தொடங்கியிருந்தன. நிஸா இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டு, மூதூருக்குத் திரும்ப எப்போது போகலாம் என்று கேட்டா.